ஒரகடத்திலிருந்து ஜெனீவா வரை: வாகனப் பாதுகாப்பு விதிகள் எழுதும் வேலைக்குள் நுழைவது எப்படி?

உங்கள் வண்டியின் டயர் ஓரத்திலோ, முகப்பு விளக்குக் கண்ணாடியின் மூலையிலோ டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிறு வட்டமும், அதற்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எண் 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து, 43 ஜப்பான், 52 மலேசியா. அந்தப் பாகத்துக்கு ஒப்புதல் கொடுத்த நாட்டைச் சொல்லும் முத்திரை அது. பாகம் செய்யப்பட்ட நாடு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வார்த்தெடுத்த விளக்கிலும் நெதர்லாந்தின் எண் இருக்கலாம்.

அந்த வட்டத்துக்குப் பின்னால் ஒரு தொழிலே இருக்கிறது. விளக்கு எவ்வளவு வெளிச்சம் தர வேண்டும், மோதல் சோதனையில் ஆளுக்குப் பதில் உட்காரவைக்கும் டம்மியின் தலை எவ்வளவு அடி தாங்கலாம், பேட்டரி தீப்பிடிக்கும் முன் எத்தனை நிமிடம் எச்சரிக்கை வர வேண்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்து விவாதித்து, வரி வரியாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒரகடம், மறைமலை நகர், ஓசூர் பக்கம் சோதனைக்கூடத்திலோ, வண்டிக்கு விதிப்படி ஒப்புதல் வாங்கும் ஹோமோலோகேஷன் பிரிவிலோ வேலை பார்க்கும் இளைஞர்கள், “ஜெனீவா கூட்டத்துக்கெல்லாம் யார் சார் போறாங்க? எப்படிப் போறாங்க?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக நாடுகள் கூடி இந்த விதிகளை எழுதும் ஜெனீவா இந்தப் பாதையின் கடைசி நிறுத்தம். அதை முதல் நிறுத்தமாக நினைத்துக் கிளம்புகிறவர்கள் பாதியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

வரைபடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்துக்குக் கீழ் உள்நாட்டுப் போக்குவரத்துக் குழு ஒன்று 1947 முதல் இயங்குகிறது. வாகனக் கட்டுமானத்தைக் கவனிக்க அந்தக் குழு 1952-இல் ஒரு பணிக்குழுவை வைத்தது. அதுதான் டபிள்யூபி.29. 2000-இல் ‘வாகன விதிகளை ஒருங்கிணைப்பதற்கான உலக மன்றம்’ என்று பெயர் மாறியது. பெயரில் ஐரோப்பா இருந்தாலும் ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் வந்து உட்காரலாம். மார்ச், ஜூன், நவம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை ஜெனீவாவின் பாலே தே நாசியோன் வளாகத்தில் கூடுகிறது.

இதே கட்டடத்தில் டபிள்யூபி.1 என்று இன்னொன்றும் உண்டு. அது ஓட்டுநர்களும் சாலை விதிகளும் சம்பந்தப்பட்டது. வாகனம் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பது 29-இன் வேலை, எப்படி ஓட்டப்பட வேண்டும் என்பது 1-இன் வேலை. நேர்காணலில் இதைக் குழப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டபிள்யூபி.29 மூன்று ஒப்பந்தங்களைத் தாங்கி நிற்கிறது. 1958 ஒப்பந்தத்தின் அடிப்படை பரஸ்பர ஏற்பு. ஒரு விதியை ஏற்ற நாடுகளில் ஒன்று ஒரு பாகத்துக்கு டைப் அப்ரூவல், அதாவது அந்த மாதிரிக்கான ஒப்புதல், கொடுத்தால், அதே விதியை ஏற்ற மற்ற நாடுகள் திரும்பச் சோதிக்காமல் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஈ’ முத்திரை இதிலிருந்து வந்ததுதான். இந்த ஒப்பந்தத்தின் முதல் விதி முகப்பு விளக்கைப் பற்றியது, ஆண்டு 1960. எல்லை தாண்டி இரவில் வரும் லாரி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைப்பது அன்றைக்கு ஐரோப்பாவின் நிஜமான தலைவலி.

அமெரிக்கா இதில் சேரவில்லை. அங்கே 1966-இன் வாகனப் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டி தரநிலைக்குப் பொருந்துகிறது என்று உற்பத்தியாளரே உறுதி சொல்லி விற்கிறார். அரசு முன்கூட்டி ஒப்புதல் தருவதில்லை. சந்தையில் வண்டியை வாங்கித் தானே சோதித்து, தவறு இருந்தால் திரும்ப அழைக்க வைக்கிறது. இந்த இரண்டு மரபையும் ஒரே மேசையில் உட்காரவைக்க எழுதப்பட்டதுதான் 1998 ஒப்பந்தம். இதில் பரஸ்பர ஏற்பு கிடையாது, தொழில்நுட்ப உரையை மட்டும் சேர்ந்து எழுதுகிறார்கள். அப்படி எழுதப்படுவதை ஜிடிஆர், அதாவது உலகத் தொழில்நுட்ப விதி, என்கிறோம். முதல் ஜிடிஆர் 2004-இல் வந்தது: மோதலில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கப் பூட்டும் கீலும் எப்படி இருக்க வேண்டும் என்பது. மூன்றாவதான 1997 ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் அவ்வப்போதான பரிசோதனை பற்றியது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தியா 2006 முதல் 1998 ஒப்பந்தத்தில் இருக்கிறது, 1958-இல் இல்லை. அதனால் ஜெர்மனி கொடுத்த ஒப்புதலை இந்தியா ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, இந்தியச் சான்றை ஜெர்மனி ஏற்றாக வேண்டும் என்பதும் கிடையாது. ஒரே விளக்குக்கு இங்கே ஒரு சோதனை, அங்கே ஒரு சோதனை. நிறுவனங்களுக்கு இது செலவு. ஹோமோலோகேஷன் வேலை சென்னையில் இத்தனை பேருக்குக் கிடைப்பதற்கு இந்த இரட்டை வேலையும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலேசியா இரண்டு ஒப்பந்தத்திலும் 2006-இலேயே சேர்ந்துவிட்டது. அங்கே இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ‘ஈ’ முத்திரை உள்நாட்டு விஷயம்.

மன்றத்துக்குக் கீழே ஆறு குழுக்கள். மோதலில் ஆளைக் காப்பது ஜிஆர்எஸ்பி. பேருந்துக் கட்டுமானம், கண்ணாடி, பார்வைப் பரப்பு போன்றவை ஜிஆர்எஸ்ஜி. விளக்குகள் ஜிஆர்ஈ. புகை, ஆற்றல் ஜிஆர்பிஈ. சத்தமும் டயரும் ஜிஆர்பிபி. பிரேக், ஸ்டீயரிங், தானியங்கி ஓட்டம், இணையப் பாதுகாப்பு எல்லாம் 2018-இல் உருவான ஜிஆர்விஏ. நிஜமான சண்டை நடப்பது இந்த ஆறில்தான். மன்றத்துக்குப் போகும்போது பெரும்பாலும் உரை வெந்து இறக்கின சாதம் மாதிரி ஆகியிருக்கும்.

ஒரே ஒரு விதியைப் பிடியுங்கள்

1958 ஒப்பந்தத்தின் விதிகளின் எண் 170-ஐத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தெரிந்துகொள்கிறேன் என்று அகலக்கால் வைப்பவர்களுக்கு இந்தத் துறையில் மரியாதை கிடைப்பதில்லை. ஒன்றை எடுத்துக் கரைத்துக் குடித்தவருக்குக் கிடைக்கிறது. உங்கள் அன்றாட வேலைக்கு அருகில் இருக்கும் விதியைத் தேர்ந்தெடுங்கள். சீட் பெல்ட் பிரிவில் இருப்பவருக்கு 16, மின்வாகனத்தில் இருப்பவருக்கு 100, மென்பொருள் ஆளுக்கு 155-உம் 156-உம்.

உதாரணத்துக்கு 66-ஆம் எண் விதியை எடுத்துக்கொள்கிறேன். பேருந்து கவிழ்ந்தால் அதன் கூடு எவ்வளவு தாங்க வேண்டும் என்பது பற்றியது. 1986 முதல் இருக்கிறது. பேருந்தைச் சாயும் மேடையில் நிறுத்தி, வினாடிக்கு 5 டிகிரிக்கு மேல் போகாமல் மெல்லச் சாய்க்கிறார்கள். யாரும் தள்ளுவதில்லை. தன் எடையிலேயே நிலைகுலைந்து, 800 மில்லிமீட்டர் கீழே இருக்கும் கான்கிரீட் தரையில் விழுகிறது. கூடு நெளியலாம். ஆனால் பயணிகள் உட்காரும் பகுதியைச் சுற்றி விதி ஒரு கற்பனைப் பெட்டியை வரைந்திருக்கிறது. ‘எஞ்சும் இடம்’ என்று அதைச் சொல்லலாம். பக்கவாட்டுச் சுவரின் உள்பக்கத்திலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, காலடித் தளத்திலிருந்து 500 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கை முதுகில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து அந்தப் பெட்டியைக் கட்டுகிறார்கள். விழும்போதும் விழுந்த பிறகும் எந்தத் தூணும் அதற்குள் வரக் கூடாது, பெட்டியின் எந்தப் பகுதியும் வெளியே துருத்தவும் கூடாது.

இனி உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்விகள் வருகின்றன. ஏன் 800? ஏன் மெதுவாக? இருக்கைகளில் பெல்ட் இருந்தால் பயணிகளின் எடையில் பாதியைச் சோதனை எடையோடு சேர்க்கச் சொல்கிறது விதி. அது ஏன் பாதி? பெல்ட் போடாதவர் கவிழும்போது கூட்டிலிருந்து பிரிந்து விழுகிறார், அவர் எடையைக் கூடு தாங்க வேண்டியதில்லை. பெல்ட் போட்டவர் இருக்கையோடு சேர்ந்து கூட்டில் தொங்குகிறார். ஆனால் மனித உடல் இரும்புத் துண்டு இல்லை, அதன் முழு எடையும் கூட்டின் மேல் ஏறுவதில்லை. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால், சீட் பெல்ட் பொருத்திய பேருந்துக்குக் கூடுதல் வலுவுள்ள தூண்கள் வேண்டும் என்பது தானாகப் புரியும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் நின்று பேசினால் இந்தக் கணக்கு எடையாகவும் காசாகவும் மாறுவது தெரியும். இந்தியாவில் இந்த விதிக்கு ஈடானது ஏஐஎஸ் எனப்படும் வாகனத் தொழில் தரநிலைகளில் ஒன்றான ஏஐஎஸ்-031, அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது பேருந்துக் கட்டுமான விதியான ஏஐஎஸ்-052. இரண்டையும் 66-உடன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். இந்த வேலையில் நீங்கள் தயாரிக்கும் முதல் உருப்படியான ஆவணம் அந்த அட்டவணையாகத்தான் இருக்கும்.

படிக்கத் தெரிய வேண்டும்

விதியை முதல் பக்கத்திலிருந்து கதை மாதிரி படிக்காதீர்கள். முதலில் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்ற பத்தி. பிறகு சொல் வரையறைகள், ஏனென்றால் பாதி வழக்கு வரையறையில்தான் ஒளிந்திருக்கும். அப்புறம் நேராகக் கடைசிக்குப் போய் இடைக்கால ஏற்பாடுகளைப் படியுங்கள். எந்தத் தேதி முதல் பழைய ஒப்புதல் செல்லாது, எந்தத் தேதி முதல் புதிய மாடலுக்குப் புதிய தேவை என்பதெல்லாம் அங்கே இருக்கும். சோதனை முறைகள் இணைப்புகளில் வரும்.

திருத்தங்களில் மூன்று வகை. ‘தொடர்’ என்றால் தேவையே மாறியிருக்கிறது, தேதி பார்த்தாக வேண்டும். ‘துணைத் திருத்தம்’ என்றால் சிறு மாற்றம் அல்லது தெளிவு, தொடர் எண் மாறாது. ‘பிழைதிருத்தம்’ என்பது பெயரே சொல்வதுதான். ஒப்புதல் எண்ணைப் பார்த்ததும் எந்தத் தொடரின்படி வாங்கியது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இதைத் தெரியாமல் நான் பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாகத்துக்கு எல்லாச் சோதனையும் முடித்து, அறிக்கையைக் கட்டி அனுப்பும் நேரத்தில்தான், புது மாடல்களுக்கு அந்தத் தொடர் செல்லாது என்று ஒப்புதல் தரும் இடத்திலிருந்து பதில் வந்தது. விதியின் சரியான எண்ணைத்தான் எடுத்திருந்தோம், பழைய தொடரை அச்சடித்து வைத்துக்கொண்டு வேலை செய்திருந்தோம். மூன்று மாதம் போயிற்று. அன்றிலிருந்து எந்த விதியையும் அச்சுப் பிரதியில் நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் ஆணையத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்கிறேன்.

சோதனைக்கூடத்தில் நில்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, சட்டம் மட்டும் படித்துக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனாலும் ஒரு விதியின் எண் எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்த்தவரின் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

94-ஆம் விதியின் முன்பக்க மோதல் சோதனையில் கார் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கும் தடுப்பில் மோதுகிறது. டம்மியின் தலைக்கான அளவுகோல் 1000-ஐத் தாண்டக் கூடாது. காகிதத்தில் இது ஒரு வரி. கூடத்தில் அதே வரிக்காக டம்மியை மோதலுக்கு முன் மணிக்கணக்கில் குளிரூட்டிய இடத்தில் வைத்திருப்பார்கள். விலா எலும்புகளில் இருக்கும் அதிர்வுறிஞ்சிப் பொருளின் குணம் வெப்பத்தில் மாறிவிடும். மே மாதத்து ஒரகடத்தில் கதவைத் திறந்துபோட்டுவிட்டால் அளவு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைப் பார்த்தவர் ஒரு வரைவில் வெப்பநிலை வரம்பு விட்டுப்போயிருந்தால் உடனே கை தூக்குவார்.

மோதல், மின்காந்தப் பொருத்தம் ஆகியவற்றுக்கான வசதி ஒரகடத்தில் இருக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்திலேயே உண்டு. புனேயில் 1966 முதல் இயங்கும் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், இந்தூர் பக்கம் பீதாம்பூரில் 11.3 கி.மீ. அதிவேகத் தடம் கொண்ட நேட்ராக்ஸ் என்று வேறு வாசல்களும் இருக்கின்றன. நிறுவனத்தில் இருப்பவர்கள் சோதனைக்கு வண்டியை அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். கூடப் போய் நில்லுங்கள்.

நட்சத்திரத்தையும் விதியையும் பிரித்துப் பார்க்கவும் இங்கேதான் கற்கிறோம். கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் முன்பக்க மோதல் 64 கி.மீ. வேகத்தில். சட்டப்படியான ஏஐஎஸ்-098-இல் 56. முதலாவது வாங்குபவருக்கான மதிப்பெண், இரண்டாவது தேறாமல் வண்டியை விற்கவே முடியாது. உறவினர் யாராவது “அந்தக் காருக்கு நட்சத்திரமே இல்லையாமே, எப்படி விற்கிறாங்க?” என்று கேட்டால் பதில் இதுதான்.

உள்ளூர்க் குழுவில் உட்காருங்கள்

இந்தியாவில் ஒரு தரநிலை எழுதப்படும் வழி, ஜெனீவாவின் சிறிய பிரதி என்று சொல்லலாம். வாகனத் தொழில் தரநிலைக் குழுவான ஏஐஎஸ்சி ஒரு பேனலை அமைக்கும். வாகன நிறுவனங்கள், பாகம் செய்பவர்கள், சோதனை முகமைகள் எல்லோரும் அதில் இருப்பார்கள். செயலகம் ஏஆர்ஏஐ-யிடம். வரைவு பொதுவில் வைக்கப்பட்டுக் கருத்துக் கேட்கப்படும். அங்கிருந்து மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கான தொழில்நுட்ப நிலைக்குழு, பிறகு சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அதன் பின் அரசிதழில் வரைவு அறிவிப்பு. 1989-இன் விதிகளுக்குள் அது நுழைந்தால்தான் சட்டம்.

பேனலில் உட்கார உங்கள் நிறுவனம் உங்களை நியமிக்க வேண்டும். முதல் ஆண்டு உங்களை யாரும் அழைக்கப் போவதில்லை. குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்று யாராவது மூத்தவர் தேடுவார், அந்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கூட்டக் குறிப்பு எழுதுபவரின் கையில்தான், என்ன முடிவானது என்பது வார்த்தையாகிறது. இதைச் சின்ன வேலை என்று நினைத்து விட்டவர்கள் பலர்.

இங்கிருந்துதான் ஜெனீவாவுக்கான இந்தியத் தரப்பின் நிலைப்பாடும் தயாராகிறது. அமைச்சகம், சோதனை முகமைகள் சார்பில் போகிறவர்கள், ‘இது நம் சாலைக்குப் பொருந்துமா, நம் இரு சக்கர வண்டிக்குப் பொருந்துமா’ என்று கேட்கும் தரவை உள்ளூர்க் குழுக்களிடம்தான் எடுக்கிறார்கள். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் மிகப் பெரிய பங்கு இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். காரை மனதில் வைத்து எழுதப்படும் உரைகளில் இந்தக் கணக்கை நினைவூட்ட ஆள் தேவைப்படுகிறது.

ஆவணங்களோடு பழகுங்கள்

இந்தத் துறையின் நல்ல குணம், ஏறக்குறைய எல்லாமே பொதுவில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு அமர்வுக்கும் நிகழ்ச்சி நிரல், பணி ஆவணங்கள், முறைசாரா ஆவணங்கள், கடைசியில் அறிக்கை என்று வெளியிடுகிறது. பணி ஆவணம் அமர்வுக்கு 12 வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். மூன்று மொழிகளில் வரும்: ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன். முறைசாரா ஆவணம் கடைசி நேரத்திலும் வரும், ஆங்கிலத்தில் மட்டும்.

படிக்கும்போது மூன்று குறிகளைக் கவனியுங்கள். தடித்த எழுத்து என்றால் புதிதாகச் சேர்ப்பது, நடுவில் கோடு கிழித்தது என்றால் நீக்குவது. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது இன்னும் ஒப்புக்கொள்ளப்படாதது. புதியவர்கள் அடைப்புக்குறியை அச்சு அழகு என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். அனுபவசாலிகள் அதை மட்டும்தான் முதலில் தேடுவார்கள். ஒரு எண்ணைச் சுற்றி அடைப்புக்குறி இரண்டு அமர்வாக விழாமல் நிற்கிறது என்றால், அங்கே யாரோ விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்.

பேட்டரி விஷயத்தைப் பாருங்கள். மின்வாகனப் பாதுகாப்புக்கான 20-ஆம் ஜிடிஆர் 2018 மார்ச்சில் நிறைவேறியது. ஒரு செல் தானாகச் சூடேறி எரிய ஆரம்பித்தால், வண்டிக்குள் இருப்பவருக்கு ஆபத்து வருவதற்கு 5 நிமிடம் முன்பாவது எச்சரிக்கை வர வேண்டும் என்றது. ஐந்து நிமிடம் என்பது இறங்கி ஓட ஆகும் நேரம். அதில் பெரிய தகராறு இல்லை. தகராறு வேறு இடத்தில் இருந்தது: சோதனைக்காக ஒரு செல்லை எப்படி எரியவைப்பது? ஆணி அடித்தா, சூடேற்றியா? ஆணி அடித்தால் நிஜத்தில் நடப்பதிலிருந்து விலகிவிடுகிறது என்றார்கள். சூடேற்றினால் பக்கத்துச் செல்லும் சேர்ந்து சூடாகிவிடுகிறது. எல்லா வகை செல்லுக்கும் ஒரே மாதிரி முடிவு தரும் முறை கிடைக்கவில்லை. அதனால் முதல் கட்டத்தில், எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனைக்குப் பதிலாக, உற்பத்தியாளர் தன் ஆபத்து ஆய்வை ஆவணமாகக் காட்ட வேண்டும் என்று எழுதி நிறுத்தினார்கள்.

காத்திருக்காமல் சீனா, தன் 2020 தேசியத் தரநிலையில் ஆணி, சூடேற்றல் முறைகளை வைத்துச் சோதனையையே கொண்டுவந்தது. 2025-இல் வெளியான அடுத்த பதிப்பு, தீயும் வெடிப்பும் இல்லவே இல்லை என்ற அளவுக்குப் போய்விட்டது. இந்தியாவில் 2022 கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்தன. அவற்றுக்கான தரநிலையான ஏஐஎஸ்-156-க்கு மூன்றாவது திருத்தம் வந்து, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறையானது. ஒரே பயம், மூன்று உரை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்கு, அடுத்த அமர்வில் எந்த நாடு எதற்குச் சரி சொல்லும், எதற்கு முகம் சுளிக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும்.

கருத்து எழுதும் முறை

“இந்தத் தேவை மிகக் கடினமாக உள்ளது, மறுபரிசீலனை செய்யவும்” என்று அனுப்பினால் அது குப்பைக்குத்தான் போகும். ஒரு அட்டவணையில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: பத்தி எண், இப்போதைய உரை, நீங்கள் முன்வைக்கும் உரை, காரணம். மூன்றாவது நெடுவரிசை காலியாக இருந்தால் நான்காவதை யாரும் படிப்பதில்லை. மாற்று வாக்கியத்தை நீங்களே எழுதித் தர வேண்டும், எடுத்து ஒட்டும் அளவுக்குத் தயாராக.

காரணத்தில் தரவு வையுங்கள். எத்தனை மாதிரி சோதித்தீர்கள், சிதறல் எவ்வளவு, எந்த நிலையில். உங்கள் நிறுவனத்துக்குப் பாதகமான முடிவையும் சேர்த்து வைத்தால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை நம்புவார்கள். இந்த வட்டாரம் சிறியது, இருபது வருடமாக அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருமுறை கணக்கை வளைத்தவரை அவர்கள் மறப்பதில்லை.

அந்த அறைக்குள்

ஒரு தலைப்பை மட்டும் எடுத்து வரைவு தயாரிக்கும் முறைசாராப் பணிக்குழுக்கள் பெரும்பாலும் இணையத்திலும் கூடுகின்றன, உங்கள் முதல் ஜெனீவா அனேகமாக உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். அங்கே காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து உட்காரும் கூட்டமென்றால் மாலை நேரம் போயிற்று என்று வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள்.

நேரில் போகும்போது நீங்கள் ஒரு நாட்டின் தூதுக்குழுவிலோ, ஏற்பு பெற்ற அமைப்பின் சார்பிலோ இருக்க வேண்டும். கார் தயாரிப்பாளர்களுக்கு ஓஐசிஏ, மோட்டார் சைக்கிளுக்கு ஐஎம்எம்ஏ, பாகம் செய்பவர்களுக்கு கிளெப்பா, பரிசோதனை நிலையங்களுக்கு சிட்டா, நுகர்வோர் சார்பில் கன்ஸ்யூமர்ஸ் இன்டர்நேஷனல். இந்திய நிறுவனங்களுக்கு வழி பெரும்பாலும் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் மூலமாக. அமைப்புகள் பேசலாம், ஆவணம் தரலாம், வாக்கு நாடுகளுக்கு மட்டுமே.

பேசும்போது மொழிபெயர்ப்பாளர்கள் காதில் இருக்கிறார்கள், மெதுவாகப் பேசுங்கள். நகைச்சுவை வேண்டாம், மூன்றாவது மொழிக்குப் போவதற்குள் புளித்துவிடும். எந்த ஆவணம், எந்தப் பத்தி என்று சொல்லித் தொடங்குங்கள். எதிர்க்க வேண்டியிருந்தால் முன்பே காபி இடைவேளையில் அந்த நாட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். திடீரென மைக்கில் எதிர்ப்பது அங்கே முகத்தில் அடிப்பது மாதிரி.

வாக்கெடுப்பின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 1958 ஒப்பந்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு வேண்டும், ஐரோப்பிய ஒன்றியம் தன் 27 நாடுகளின் வாக்கையும் சேர்த்துப் போடும். நிறைவேறிய பிறகும் ஆறு மாதத்துக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாடுகள் மறுத்தால் விழுந்துவிடும். 1998-இல் ஒரே ஒரு நாடு எதிர்த்தாலும் நின்றுவிடும், அங்கே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆதரித்த நாடு அதைத் தன் ஊரில் சட்டமாக்கும் நடைமுறையைத் தொடங்க வேண்டும், கடைசியில் சட்டமாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஜிடிஆர் உரைகளில் சில இடங்கள் ஏன் வழவழவென்று இருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம்.

எந்த நாற்காலி உங்களுடையது?

அரசு, சோதனை முகமை, நிறுவனம், நுகர்வோர் அமைப்பு, ஐ.நா. செயலகம் என்று ஐந்து நாற்காலிகள். செயலகம் மிகச் சிறியது, இடம் காலியாவது அபூர்வம். ஐ.நா. பயிற்சி இடங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஜெனீவா வாடகையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இளம் அலுவலர் தேர்வுக்கு வயது வரம்பு 32, எந்த நாட்டினர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும். என் கருத்தில், முதல் ஐந்தாறு வருடத்துக்குச் சோதனை முகமைதான் நல்ல பள்ளி: எல்லா நிறுவனத்தின் வண்டியும் அங்கே உடைகிறது.

நிறுவனத்திலிருந்து முகமைக்கோ, முகமையிலிருந்து நிறுவனத்துக்கோ மாறினால், நேற்று வரை கையில் இருந்த ரகசிய அறிக்கைகளை மறந்துவிடத் தெரிய வேண்டும். இதைப் பற்றி யாரும் பாடம் எடுப்பதில்லை.

முதல் பங்களிப்பு

புதியவர்களின் பெயர் முதலில் பதிவாகும் இடம் பெரும்பாலும் பிழைதிருத்தம்தான். பத்திகளுக்கு நடுவே ஒன்றைச் செருகும்போது எண்கள் நகர்ந்துவிடும், ‘பத்தி 6.2-இன்படி’ என்று இருந்த இடத்தில் 6.3 ஆகியிருக்க வேண்டும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சோதனைக்கூடத்தில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர்தான் தடுக்கி விழுவார். நீங்கள் எடுத்த அந்த ஒரு விதியில் இப்படி ஒன்றையாவது கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டீர்கள். நான்கு நெடுவரிசை அட்டவணையில் போட்டு, உங்கள் பேனல் தலைவருக்கு அனுப்புங்கள். அவர் அதை முகமைக்கு அனுப்புவார், முகமை அமைச்சகத்துக்கு. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பக்க முறைசாரா ஆவணமாக அது தளத்தில் ஏறும். உங்கள் பெயர் இருக்காது, ‘இந்திய நிபுணர் சமர்ப்பித்தது’ என்று மேலே ஒரு வரி மட்டும் இருக்கும்.